பத்துக்கு ஒன்று

செம்பழ நாட்டில் ஓர் உண்மையின் விலை அரைக் கூடை தக்காளி. அதுவும் இரண்டாம் தரம். அரண்மனைக்கு வந்து உண்மை சொல்கிறவர்களுக்குக் கொடுப்பதற்கென்றே உக்கிராண அறையின் மூலையில் நாலைந்து கூடைகளை எப்போதும் தயாராக வைத்திருந்தார்கள். வாங்க வருகிறவர்கள் குறைவு என்பதால் பெரும்பாலும் அவை அங்கேயே அழுகின. புகழ்ந்து பேசினால் முழுக் கூடை, முதல் தரம். அந்தக் கூடைகள் அழுகியதாக வரலாறு இல்லை.

அந்த நாட்டில் விளைந்தது தக்காளி ஒன்றுதான். விளைவித்தவர்கள் கொஞ்சம் பேர், விற்றவர்கள் நிறையப் பேர், விற்றவர்களுக்கு யோசனை சொன்னவர்கள் அதைவிட நிறையப் பேர். எல்லாரும் சந்தையில் பிறந்து சந்தையில் வளர்ந்தவர்கள் ஆதலால் அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. முதலில் சொன்ன எண்ணை யாரும் ஏற்கக் கூடாது. ஏற்றால் சொன்னவருக்கு அவமானம், ஏற்றவருக்கு அசடு என்று பட்டம். வைத்தியர் மூன்று வேளை கஷாயம் என்றால் நோயாளி ஒரு வேளை என்பான், இரண்டில் படியும், இரண்டு வேளை குடித்துவிட்டு நிம்மதியாகச் செத்துப்போவான். கிரகணம் மூன்று மணி நேரம் இருக்கும் என்று பஞ்சாங்கக்காரர் சொன்னபோது, இரண்டுக்கு முடித்துக்கொள்ளச் சொல்லி ஊரே கூடிக் கேட்டது. சூரியன் பேச்சுக்கே வராமல் போனதில் அவர்களுக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு.

தேர்தலும் அப்படித்தான். ஐந்தாண்டுக்கு ஒருமுறை ராசாவைக் குடிகளே தேர்ந்தெடுத்தார்கள். நிற்பது ராசா ஒருவர்தான் என்றாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. விழுந்த வாக்கு ஆயிரம் என்று குடிகள் சொல்வார்கள். அரண்மனை மூவாயிரம் என்று சொல்லும். இரண்டாயிரத்தில் படிந்து, இரு தரப்பும் வெற்றிலை மாற்றிக்கொள்வார்கள்.

இப்படிப்பட்ட நாட்டில் பெரிய பேரக்காரன் என்று பெயர் எடுப்பது லேசான காரியம் இல்லை. நாச்சிமுத்து எடுத்திருந்தான். தக்காளிச் சந்தையில் முப்பது வருஷத் தரகன். துண்டுக்குள் கை போட்டு விலை பேசுவதில் அவனை அடிக்க ஆள் கிடையாது. பேசுகிற இருவர் ஒரு துண்டை வலக்கைகளின் மேல் போட்டு மூடிக்கொண்டு, உள்ளே விரல் பிடித்து எண் சொல்வார்கள். ஒரு விரல் என்றால் ஒன்று, கையோடு சேர்த்துப் பிடித்தால் ஐந்து. சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. யார் முதலில் கையை வெளியே எடுக்கிறாரோ அவர் தோற்றார். உள்ளே நிற்கிற கையின் எண்தான் எண். நாச்சிமுத்துவின் கை முப்பது வருஷத்தில் ஒருமுறைகூட முதலில் வெளியே வந்ததில்லை. அவனுடைய அப்பன் கிடையில் கிடந்தபோது வைத்தியர் பத்து நாள் கெடு சொன்னார். நாச்சிமுத்து துண்டை எடுத்துப் போட்டுப் பன்னிரண்டுக்கு முடித்தான். அப்பன் எட்டாம் நாளே போய்விட்டார். பேரத்தில் தான் தோற்கவில்லை, அப்பன்தான் ஒப்பந்தத்தை மீறினார் என்று அவன் துக்கம் கேட்க வந்தவர்களிடம் எல்லாம் விளக்கிக்கொண்டிருந்தான்.

அந்த வருஷம் காய்ப்புழு வந்தது.

அரண்மனையில் பூச்சிப் பதிவாளர் என்று ஓர் உத்தியோகம் இருந்தது. அதில் சம்பூர்ணம் என்ற பெண் இருந்தாள். நாற்பது வயது. கையில் ஒரு பூதக்கண்ணாடி, இடுப்பில் ஒரு சிலேட்டு. பகலெல்லாம் தக்காளிச் செடிக்கு அடியில் குனிந்திருப்பாள். நாட்டில் அவளுக்கு நல்ல பெயர் கிடையாது. காரணம், ஒரே விலை சொல்கிறவள். காய்கறிக்காரி ஐந்து என்றால் ஐந்தைக் கொடுத்துவிட்டுப் போகிற பெண்ணை எந்தக் குடும்பம் மருமகளாக எடுக்கும்? அவளும் எந்தக் குடும்பத்தையும் கேட்கவில்லை.

சம்பூர்ணம் சபைக்கு வந்து சொன்னாள்.

"பத்துக் காயைப் பறிச்சுப் பாருங்க. ஒண்ணுல ஓட்டை இருந்தா விட்டிருங்க, அது எப்பவும் இருக்கறதுதான். ஒண்ணைத் தாண்டினா வேலையை ஆரம்பிக்கோணும். எல்லாத்தையும் கொல்ற வேலை இல்லீங்க. பதினாறு சால் தக்காளிக்கு ஒரு சால் செண்டுமல்லி வெச்சா அந்துப்பூச்சி அங்க போய் முட்டை வைக்கும். பொட்டைப் பூச்சி வாசத்தை ஒரு பொறியில அடைச்சுத் தொங்க விட்டா ஆம்பளைப் பூச்சி தானா வந்து விழும். நடுவுல குறுக்குக் கட்டை வெச்ச குச்சி நட்டா குருவி உக்காந்து புழுவைப் பொறுக்கும். முட்டையைத் தின்கிற குளவி இருக்குது, கடுகைவிடச் சின்னது. பொறிவண்டு இருக்குது. அதுகளை விட்டு வெச்சாப் போதும், பாதி வேலையை அதுகளே பார்க்கும். அப்பறம் வேப்பங்கொட்டைச் சாறு. கடும் மருந்து கடைசியில, அதுவும் தாங்காதப்போ."

சபை அமைதியாகக் கேட்டது. ஒரே மூச்சில் இவ்வளவு எண்களை யாரும் பேரம் இல்லாமல் சொல்லி அவர்கள் கேட்டதில்லை. பெரிய மந்திரி அம்பலவாணர் எழுந்தார். எழும்போது எப்போதும் ஒருமுறை தொண்டையைச் சரிசெய்வார். அதுவே பாதிச் சொற்பொழிவு.

"அம்மையே, தாங்கள் மொழிந்த எண் அவைக்குறிப்பில் ஏறிற்று. எனினும் பேரம் படியாத எண் இந்நாட்டில் எண்ணாகாது. பத்துக்கு ஒன்று என்பது தங்கள் தரப்பு. அரசின் தரப்பு இன்னும் பேசப்படவில்லை."

"இது விலை இல்லீங்க மந்திரி. புழு."

"புழுவாயினும் முறை முறையே. நாச்சிமுத்துவை அழையுங்கள்."

நாச்சிமுத்து வந்தான். அரண்மனையில் அவனுக்கு அது முதல் பேரம். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறிப் போட்டான். சம்பூர்ணம் அலுப்போடு கையை நீட்டினாள்.

உள்ளே அவள் ஒரு விரலைப் பிடித்தாள். அவன் ஒன்பது என்று பிடித்தான். அவள் ஒன்று. ஒன்பதில் ஆரம்பித்தால் எதிராளி இரண்டுக்காவது வருவான் என்பது முப்பது வருஷப் பாடம். அவன் எட்டுக்கு இறங்கினான். ஒன்று. ஏழு. ஒன்று. ஆறுக்கு வந்தபோது அவனுக்கு வேர்த்தது. எதிரில் இருப்பது கையா, கல்லா என்று சந்தேகம் வந்துவிட்டது. ஐந்து என்று ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டான்.

சம்பூர்ணம் கையை வெளியே எடுத்தாள்.

"எனக்குத் தோட்டத்துல வேலை கிடக்குதுங்க தரகரே. நீங்க தனியாப் பேசிட்டு இருங்க."

சபை ஆர்ப்பரித்தது, அம்பலவாணர் கைதட்டினார். எடுத்த கை தோற்ற கை. பத்துக்கு ஐந்து என்று எழுதப்பட்டது. ஐந்தைத் தாண்டினால்தான் புழு இருப்பதாக அர்த்தம். அதுவரை புழு இல்லை. அந்த இடத்திலேயே நாச்சிமுத்துவைப் புழு மந்திரியாக்கி, ஒரு தலைப்பாகையும் முத்திரையும் கொடுத்தார்கள். உண்மை சொன்னதற்காகச் சம்பூர்ணத்துக்கு அரைக் கூடை வந்தது. அவள் அதில் பத்துக் காயைச் சபையின் நடுவிலேயே எடுத்துப் பார்த்து, "நாலு ஓட்டை" என்று சிலேட்டில் குறித்துக்கொண்டு போனாள்.

புழுவை மட்டும் யாரும் பேரத்துக்குக் கூப்பிட்டிருக்கவில்லை.

நாச்சிமுத்து முத்திரையோடு நேரே அக்கா பாவாயியின் தோட்டத்துக்குத்தான் போனான். பாவாயிக்கு இருந்தது இரண்டு ஏக்கர். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, அந்த இரண்டு ஏக்கர்தான் எல்லாம். தம்பி தலைப்பாகையோடு வரப்பில் வருவதைப் பார்த்து அவள் நிமிர்ந்தாள்.

"என்னடா இது கோலம்?"

"மந்திரி ஆயிட்டேன் அக்கா. புழு மந்திரி."

"அதுக்கும் ஒரு மந்திரி போட்டாச்சா. என்ன பண்ணிக் கிழிச்ச?"

"அந்த ஒரே விலைக்காரி ஒண்ணுன்னு நின்னா. நான் அஞ்சுக்கு ஏத்திட்டேன். கையை எடுத்துட்டு ஓடியே போயிட்டா."

பாவாயி கூடையைக் கீழே வைத்தாள்.

"பத்துக்கு அஞ்சு ஓட்டை விழுந்தா இந்தத் தோட்டம் யாருதுடா?"

நாச்சிமுத்து வாயைத் திறந்தான். அந்த நாட்டில் பாதிக்காய்ச் சட்டம் என்று ஒரு பழைய சட்டம் இருந்தது. அறுப்புக்கு முன்னால் அளவு நாள் என்று ஒரு நாள். அன்றைக்குப் பத்துக் காய் பறித்துப் பார்ப்பார்கள். ஐந்தோ அதற்கு மேலோ சொத்தையாக இருந்தால், விவசாயம் செய்யத் தெரியாதவர் என்று சொல்லி நிலத்தை அரண்மனை எடுத்துக்கொள்ளும். ஐந்தைத் தாண்டினால்தான் புழு இருக்கிறது. ஐந்து வந்தாலே நிலம் இல்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு தக்காளி நிற்கக்கூட இடம் இல்லை.

"அது வேற சட்டம் அக்கா" என்றான்.

"தோட்டம் ஒண்ணுதானடா."

வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் அவன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். எத்தனை முறை எண்ணினாலும் ஐந்து ஐந்தாகவே இருந்தது. ஐந்து விழுந்த தோட்டமெல்லாம் அரண்மனைக்குத்தான் போகும், பெரிய மந்திரி சபையில் அவ்வளவு ஆசையோடு கைதட்டியது அதற்காகத்தான் என்பது புளியமரத்துக்குப் பக்கத்தில் வரும்போது புரிந்தது. முப்பது வருஷத்தில் முதன்முறையாக, ஜெயித்த பேரத்தை நினைத்து அவன் வெட்கப்பட்டான். அதற்கும் பழக்கம் இல்லாததால், வயிற்றுவலி என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்தான்.

அடுத்த சபையில் அவன் எண்ணைக் குறைக்கக் கேட்டான். படிந்த பேரத்தைக் கலைப்பது மரபுக்கு விரோதம் என்றார் அம்பலவாணர். ஆனால் அரசு சும்மா இருக்கவில்லை, சம்பூர்ணத்தின் யோசனைகளை ஒவ்வொன்றாக நிறைவேற்றி வருகிறது என்றும் சொன்னார். அதுதான் வினை.

முதலில் குருவிக்கு நட்ட குச்சிகள். "உட்காரும் இடம் என்றால் அது ஆசனம். தேர்தலில் நிற்காத குருவிகளுக்கு ஆசனம் வழங்க அரசியல் சட்டத்தில் இடமில்லை" என்றார் அம்பலவாணர். குச்சிக்குப் பதிலாக முக்காலி போட்டு, ஏக்கருக்கு நான்கு இருக்கைக் காவலர்களை உட்கார வைத்தார்கள். காவலர்கள் அனைவரும் மந்திரிகளின் மச்சினன்மார். புழு இருக்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு பழத்தையும் ஒரு கடி கடித்துப் பார்த்தார்கள். நல்ல பழம் என்று தெரிந்ததும் நேர்மையாகக் கீழே போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார்கள்.

பிறகு செண்டுமல்லி. பதினாறு சாலுக்கு ஒன்று என்று எல்லாரும் நட்டது நன்றாகவே பூத்தது. அந்துப்பூச்சிகளும் அங்கே போகத் தொடங்கின. அந்தச் சமயம் பார்த்து, புழு ஒழிப்பின் வெற்றியைப் பார்வையிட ராசா ஊர் ஊராகக் கிளம்பினார். போகிற இடமெல்லாம் அவருக்கு ஆளுயர மாலை. நாட்டில் ஒரு செண்டுமல்லி மிச்சமில்லாமல் பறித்தார்கள். பூ போனதும் அந்துப்பூச்சிகள் தக்காளிக்கே திரும்பின.

குடிகள் முணுமுணுத்தார்கள். அரசு செயல்படுகிறது என்று காட்ட வேண்டியதாயிற்று. ஞாயிற்றுக்கிழமைதோறும் கடும் மருந்து அடிக்க ஆணை வந்தது. பூச்சிகளிடையே பாரபட்சம் கூடாது, சட்டத்தின் முன் எல்லாப் பூச்சியும் சமம் என்றது ஆணை. புழு காய்க்குள்ளே இருந்தது. பொறிவண்டும் குளவியும் வெளியே இருந்தன. உள்ளே இருந்தவை பிழைத்தன, வெளியே நின்று காவல் காத்தவை செத்தன. செத்த பொறிவண்டுகளைக் கூட்டி அள்ளிக் கூடை கூடையாகச் சபையில் காட்டினார்கள். இந்த ஆணைகள் அத்தனையின் அடியிலும் புழு மந்திரியின் முத்திரை இருந்தது. நாச்சிமுத்து முத்திரை குத்தும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வான். அது ஒரு விதமான எதிர்ப்பு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

அளவு நாளுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில் அவன் மறுபடி அக்கா தோட்டத்துக்குப் போனான். இந்த முறை தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்திருந்தான். பாவாயியும் சம்பூர்ணமும் செடிக்கு நடுவில் நின்றார்கள். முக்காலிகளில் எட்டுக் காவலர்கள் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எவ்வளவு?" என்றான்.

சம்பூர்ணம் சிலேட்டைத் திருப்பினாள். "பத்துக்கு நாலு. ரெண்டு புழு துளைச்சது, ரெண்டு காவலர் கடிச்சது."

"கடிச்சதும் சொத்தைக் கணக்கா?"

"காயைப் பொறுத்த வரைக்கும் ரெண்டும் ஓட்டைதான தரகரே."

பாவாயி தம்பியைப் பார்க்காமல் களை பிடுங்கினாள். "இன்னொண்ணு விழுந்தாத் தோட்டம் போச்சு. நீதான ஏத்தி விட்ட. இப்ப எறக்கு."

"எறக்க விட மாட்டேங்கறாங்க அக்கா."

"அப்பறம் எதுக்கு மந்திரி? அந்தத் தலைப்பாகையைக் குடு, கூடைக்கு அடியில மெத்தை வைக்கலாம்."

நாச்சிமுத்து கொடுத்துவிட்டான். பிறகு சம்பூர்ணத்திடம், தரகனுக்கு வாயில் வராத ஒரு சொல்லைச் சொன்னான். "அம்மிணி, நீ சொல்ற எண்ணையே எடுத்துக்கறேன். என்ன பண்ணோணும்?"

"புழுவை நாங்க பார்த்துக்குவோம். சொத்தைக் காயைப் பொறுக்கிக் குழியில போட்டு, வேப்பங்கொட்டைச் சாறு அடிச்சு, குளவி முட்டை ஒட்டின அட்டையைக் கட்டி விட்டா ஆச்சு. செண்டுமல்லியைப் பறிக்காம விட்டா ஒரு வாரத்துல மறுபடி பூக்கும். ஆனா பூப்பறிக்க ஆள் வருது, ஞாயித்துக்கிழமை மருந்தடிக்க ஆள் வருது, முக்காலியில எட்டுப் பேரு. இத்தனையும் வராம இருந்தாத்தான் நான் சொன்னது நடக்கும்."

"வெரட்டிரலாமா?"

"வெரட்டினா வேற எட்டு வரும். இதைவிடப் பசியோட வரும். மருந்தடிச்ச தோட்டத்துல புழு திரும்பி வர்ற மாதிரி." அவள் சிலேட்டை இடுப்பில் செருகினாள். "கொல்ற வேலையே வேண்டாம்ங்க. அதுக்குப் பிடிச்சதை ஓரமா வைக்கோணும். இங்க இருக்கறதைவிட அங்க ருசியா இருக்கோணும். அவ்வளவுதான் நான் முப்பது நாளா அரண்மனையில சொன்னது."

நாச்சிமுத்து முக்காலிகளைப் பார்த்தான். அதில் இருந்தவர்களுக்கு என்ன பிடிக்கும் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். அவனுக்குப் பிடித்ததுதான்.

மறுநாள் ஊர் எல்லையில் ஒரு பந்தல் எழுந்தது. பந்தலுக்கு நடுவில் ஒரே ஒரு நாற்காலி. முக்காலி இல்லை, கை வைத்த நாற்காலி, சிவப்பு மெத்தை. பந்தல் வாசலில் பளிச்சென்ற மஞ்சள் பலகை. பூச்சிகளுக்கு மஞ்சள் நிறத்தின் மேல் மோகம் உண்டு என்று சம்பூர்ணம் சொல்லியிருந்தாள். பலகையில், தலைமை இருக்கைக் காவலர் தேர்வு நடக்கிறது என்றும், தகுதியுள்ளோர் பெயர்ப் பட்டியல் விரைவில் ஒட்டப்படும் என்றும் எழுதி முத்திரை குத்தினான். இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை.

முதல் நாள் காலையில் எட்டுக் காவலர்களும் தங்கள் பெயர் பலகையில் இருக்கிறதா என்று பார்க்க வந்தார்கள். பட்டியல் இல்லை. போய்விட்டால் ஒட்டிவிடுவார்களோ என்று அங்கேயே நின்றார்கள். மத்தியானம் நாச்சிமுத்து துண்டை விரித்தான்.

"பேரம் ஆரம்பிக்கலாங்களா? யாருக்கு எவ்வளவுன்னு உள்ள பேசிக்குங்க."

"என்ன எண்ணுக்குப் பேசறது?" என்றான் ஒரு காவலன்.

"அது நீங்க கை போட்டாத்தான தெரியும்."

எட்டுக் கைகள் உள்ளே போயின. பேசவேண்டிய எண் என்ன என்று யாருக்கும் சொல்லப்படாததால் பேரம் முடிவதற்கு வழி இல்லை. கையை எடுத்தவன் தோற்றவன் என்பதால் எடுப்பதற்கும் வழி இல்லை. சாயங்காலம் பூப்பறிக்கிறவர்கள் வந்தார்கள், நாற்காலியைப் பார்த்தார்கள், கையை உள்ளே விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மருந்து அடிக்க வந்தவர்கள் தெளிப்பானை இறக்கி வைத்துவிட்டு ஒரு கையை மட்டும் உள்ளே விட்டார்கள். துண்டு போதவில்லை. நாச்சிமுத்து இன்னொரு துண்டை வாங்கி வந்து தைத்து ஒட்டுப்போட்டான். பக்கத்து ஊர்க் காவலர்களும் வந்துவிட்டதால் மறுநாள் ஒரு ஜமக்காளமே தேவைப்பட்டது.

ஆறாம் நாள் அம்பலவாணர் விசாரிக்க வந்தார்.

"இவ்வேடிக்கை யாருடைய அனுமதியின் பேரில் நடைபெறுகிறது?"

"உங்க அனுமதிதானுங்க. தலைமைன்னு ஒரு ஆள் வேணும்னு நீங்கதான சொல்வீங்க" என்றான் நாச்சிமுத்து. "சும்மா பார்த்துட்டுப் போங்க. இது சின்ன ஆளுக நாற்காலி, உங்களுக்கு எதுக்கு?"

அம்பலவாணர் தொண்டையைச் சரிசெய்தார். சரிசெய்துகொண்டே நாற்காலியைப் பார்த்தார். சபையில் அவருடைய ஆசனத்துக்குக் கை கிடையாது. "நடைமுறையை உள்ளிருந்து ஆராய்வதே அறிவுடைமை" என்று சொல்லிவிட்டு, அங்கவஸ்திரத்தை ஒதுக்கிக் கையை ஜமக்காளத்துக்குள் விட்டார். அவரைத் தேடி வந்த மற்ற மந்திரிகளும் அதிகாரிகளும் ஒவ்வொருவராக விட்டார்கள். ஒன்பதாம் நாள், மந்திரிகள் திரும்பாத காரணத்தை அறிய ராசாவே வந்தார். தன்னுடைய நாட்டில் தான் உட்காராத நாற்காலி ஒன்று இருப்பதா என்று அவருக்குப் பட்டது. நியாயம்தான். ராசாவின் கை உள்ளே போனதும் மற்றவர்கள் கையை எடுத்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்தார். யாரும் எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி ஆணையிட்டார். ஆணையை எழுத வேண்டிய கைகளும் உள்ளேதான் இருந்தன.

ஊரார் வேளாவேளைக்குச் சோறு ஊட்டிவிட்டார்கள். மற்றபடி நாடு நன்றாக நடந்தது. மூன்று நாள் கழித்துத்தான் அரசு இல்லை என்பதையே பலர் கவனித்தார்கள்.

தோட்டத்தில் செண்டுமல்லி மறுபடி மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. அந்துப்பூச்சி அந்தச் சாலுக்குப் போயிற்று. முக்காலிகளைப் பிடுங்கிக் குச்சி நட்டதும் கரிச்சான் குருவிகள் வந்து உட்கார்ந்தன. பாவாயி விடியும் முன்பே எழுந்து சொத்தைக் காய்களைப் பொறுக்கினாள். எங்கிருந்தோ நாலைந்து பொறிவண்டுகள் வந்து சேர்ந்தன. கூடை கூடையாக அள்ளிக் காட்டியவர்கள் கண்ணுக்குத் தப்பிய குடும்பம் போலிருக்கிறது.

அளவு நாள் வந்தது. அளக்க வேண்டிய அதிகாரிகள் ஜமக்காளத்துக்குள் இருந்ததால், அரண்மனை உத்தியோகத்தில் வெளியே மிச்சமிருந்த பதிவாளர் சம்பூர்ணம்தான் அளந்தாள். பாவாயி முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு வரப்பில் நின்றாள். நாச்சிமுத்து அவளுக்குப் பின்னால் நின்றான். பத்துச் செடி, செடிக்கு ஒரு காய். சம்பூர்ணம் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துச் சுழற்றிப் பார்த்துச் சாக்கில் வைத்தாள். நாலாவது காயில் ஓர் ஓட்டை இருந்தது. பாவாயியின் கையில் முந்தானை இன்னொரு சுற்று இறுகியது. ஐந்து சுத்தம். ஆறு சுத்தம். பத்தாவதை அவள் மிக மெதுவாகச் சுழற்றினாள்.

"ஒண்ணு" என்றாள். "தோட்டம் உங்களுதுங்கக்கா."

பாவாயி முந்தானையை அவிழ்த்தாள். கையில் வரிவரியாகப் பதிந்திருந்தது. வரப்பிலேயே உட்கார்ந்து, கொஞ்ச நேரம் செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாச்சிமுத்துவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்துச் செடியில் கைக்கு எட்டிய நல்ல பழம் ஒன்றைப் பறித்து நறுக்கென்று கடித்தான். சாறு மோவாயில் வழிந்தது.

"எப்படி நம்ம பொறி?" என்றான். "ராசா வரைக்கும் விழுந்தாச்சு."

சம்பூர்ணம் அவனையும் கையில் இருந்த பழத்தையும் பார்த்தாள். அழித்த சிலேட்டில் மறுபடி எழுத ஆரம்பித்தாள்.

"என்ன எழுதற?"

"நாட்டுல இன்னும் ஒரு மந்திரி வெளிய நிக்கறார்ங்க. தோட்டத்துக்குள்ள. கடிச்ச பழத்தோட."

"பொறி வெச்சவன் நான், அம்மிணி."

"வெச்சவர் யாருன்னு செடிக்குத் தெரியாதுங்க. புழு துளைச்சது ஒண்ணு, நீங்க கடிச்சது ஒண்ணு. ரெண்டாச்சு. ஒண்ணைத் தாண்டினா என்ன பண்ணோணும்னு சொல்லியிருக்கேன்."

"கூடப் பொறந்தவன். அரைன்னு போடச் சொல்லு அக்கா."

பாவாயி வரப்பில் இருந்தே சிரித்தாள். பல நாள் கழித்து வந்த சிரிப்பு. "பந்தல்ல எடம் இருக்குதான்னு பார்த்துட்டு வா, தம்பி."

அவன் திரும்பி ஊர் எல்லையைப் பார்த்தான். நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருந்தது. இத்தனை தூரத்திலும் அதன் சிவப்பு மெத்தை தெரிந்தது. முப்பது வருஷத்தில் ஒருமுறைகூட முதலில் வெளியே வராத கை ஒன்று அங்கே போனால், அத்தனை பேரையும் ஜெயித்துவிடும் என்பதில் சந்தேகமில்லை. அது என்ன நாற்காலி, எதற்காகப் போட்ட நாற்காலி என்பதெல்லாம் அவனைவிட யாருக்குத் தெரியும்? தெரிந்தும் அவனுடைய வலக்கை தானாக எழுந்து தோளில் கிடந்த துண்டைத் தடவியது.

சம்பூர்ணம் அதையும் பார்த்துவிட்டு, எழுதி முடித்துச் சிலேட்டை வரப்பில் சாய்த்து வைத்தாள். அதில் இருந்தது இவ்வளவுதான்:

பார்த்த செடி பத்து. புழு ஒன்று. பொறிவண்டு நான்கு. குருவி மூன்று. கடித்த பழம் ஒன்று. மந்திரி ஒன்று. நடவடிக்கை பாக்கி.